இருநூறு டாலர் வரியா, முந்நூறு டாலர் விளக்கா?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வரியைக் கூட்ட வேண்டுமென்றால் மக்களிடம் ஓட்டு கேட்டாக வேண்டும். 1992-ல் வந்த ‘டேபர்’ சட்டத் திருத்தம் அப்படி. அதைக் கொண்டுவந்த டக்ளஸ் புரூஸின் ஊரான கொலராடோ ஸ்பிரிங்ஸில், 2009 நவம்பரில் சொத்து வரியைக் கூட்டலாமா என்று கேட்டார்கள். ஊர் ‘முடியாது’ என்றது. பொருளாதார மந்தத்தில் விற்பனை வரி வசூலும் படுத்திருந்த நேரம். அதன்பின் அந்த ஊர் மூன்று வழிகளைப் பார்த்தது.

முதல் வழி, வெட்டு. 2010-ல் தெருவிளக்குகளில் மூன்றில் ஒன்றை அணைத்தார்கள். மாலையிலும் வார இறுதியிலும் பஸ் கிடையாது. போலீஸ் ஹெலிகாப்டர்கள் விற்பனைக்கு வந்தன. பூங்காக்களில் குப்பைத்தொட்டியை எடுத்துவிட்டு, ‘உங்கள் குப்பையை நீங்களே கொண்டுபோங்கள்’ என்று பலகை வைத்தார்கள். கணக்குப் புத்தகத்தில் இது சேமிப்புதான். ஆனால் அணைந்த கம்பத்தின் கம்பியில் மின்சாரம் ஓடாதே! செம்புத் திருடர்களுக்குக் கொண்டாட்டம். திரும்ப விளக்கேற்றப் போனபோது முதலில் கம்பி வாங்க வேண்டியிருந்தது.

இரண்டாவது, வேண்டியவர் காசு கட்டுவது. தெருவிளக்கைத் ‘தத்தெடுக்கலாம்’ என்றார்கள். பணம் கட்டினால் உங்கள் வீட்டு முன் விளக்கு எரியும். அப்போது நகரமன்ற உறுப்பினராக இருந்த ஜேன் மார்ட்டின் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. தன் பகுதி விளக்குகளுக்காக 300 டாலர் கட்டிய ஒருவரிடம், ‘வரிக்குச் சம்மதித்திருந்தால் உங்களுக்கு 200 டாலர்தான் ஆகியிருக்கும், பூங்காவும் சேர்ந்து கிடைத்திருக்கும்’ என்றாராம். அப்போதும் அந்த மனிதர் வரிக்கு ஓட்டுப் போட மாட்டேன் என்றாராம். இதைக் கஞ்சத்தனம் என்று சொல்ல முடியாது, நூறு டாலர் கூடுதலாகவே கட்டியிருக்கிறாரே. தன் காசு எந்தக் கம்பத்தில் எரிகிறது என்று அவருக்குக் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

எனக்கு இந்த வழி பிடிக்கவில்லை. கட்டாத பக்கத்து வீட்டுக்காரர் மேலும் அந்த வெளிச்சம் விழும். காசில்லாத தெரு மொத்தமும் இருட்டில் கிடக்கும். விளக்கோடு போனால் கூடப் பரவாயில்லை. டென்னசியின் சவுத் ஃபுல்டன் நகரத் தீயணைப்புப் படை, ஊருக்கு வெளியே இருப்பவர்களிடம் ஆண்டுக்கு 75 டாலர் சந்தா வாங்கியது. 2010-ல் சந்தா கட்டாத ஒரு வீடு எரிந்தபோது வீரர்கள் நின்று பார்த்தார்கள். பக்கத்து வயலுக்குச் சந்தா இருந்ததால் அதை மட்டும் காப்பாற்றினார்கள்.

மூன்றாவது, காரணம் எழுதி ஒட்டிய வரி. 2015-ல் ஜான் சதர்ஸ் மேயரானார். சாலை போட மட்டும், ஐந்தே ஆண்டுக்கு, 0.62 சதவீத விற்பனை வரி கேட்டார்கள். நூறு டாலருக்குப் பொருள் வாங்கினால் 62 சென்ட். ஆறு வருடம் முன்பு ‘முடியாது’ என்ற ஊர் இதற்குத் தலையாட்டியது. 2019-ல் 0.57 சதவீதமாகக் குறைத்துத் திரும்பக் கேட்டபோதும் சரி என்றது. விற்பனை வரி ஏழையின் பையையும் சேர்த்துத்தான் தடவும், அந்தக் குறை எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் மூன்றில் இதற்குத்தான் என் ஓட்டு.

மழைநீர் வடிகால் கட்டணத்தை ‘மழை வரி’ என்று கேலி செய்து 2009-ல் அதே தேர்தலில் ஒழித்ததும் இந்த ஊர்தான். மழைநீரை ஊர் சரியாகக் கவனிக்கவில்லை என்று 2016-ல் மத்தியச் சுற்றுச்சூழல் முகமை வழக்குப் போட்டது. மறு வருடமே வடிகாலுக்காக வீட்டுக்கு மாதம் 5 டாலர் கட்ட ஓட்டுப் போட்டுவிட்டார்கள்.