கட்டடமா, நடமாடும் வண்டியா?

கடலோரக் கிராமங்களில் இலவச மருத்துவமனை தொடங்கும் தொண்டு அமைப்புகள் முதலில் தடுமாறும் இடம் இதுதான்.

செலவு: கட்டடத்துக்குத் தொடக்கத்திலேயே பெருந்தொகை வேண்டும். வண்டியோ டீசல், பழுதுபார்ப்பு என்று மாதந்தோறும் கையைக் கடிக்கும்.

நீடித்து உழைப்பது: உப்புக்காற்று இரண்டையும் விடாது. ஜன்னல் கம்பி துருப்பிடித்தால் சிகிச்சை நிற்காது. வண்டியின் அடிப்பகுதி அரித்துப்போனால் அன்றைய முகாமே இல்லை. ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவியாக வேண்டும். அலுப்பான வேலை, பலரும் தள்ளிப்போடுவார்கள்.

மருந்து: பெரும்பாலான தடுப்பூசிகள் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். கட்டடத்தில் குளிர்சாதனப் பெட்டி போதும், மின்தடைக்கு மாற்று ஏற்பாட்டோடு. வண்டியில் குளிர்காப்புப் பெட்டியின் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வெப்பமானியைப் பார்க்க வேண்டும்.

எளிமை: இதில் வண்டிக்கே என் ஓட்டு. விடியலில் கரை திரும்பியவர் வலையை விட்டுவிட்டு மருத்துவரைத் தேடி வரமாட்டார். வண்டி பக்கத்தில் வந்து நின்றால், செதில் ஒட்டிய கையைத் துடைத்துவிட்டு ரத்த அழுத்தம் பார்க்க நீட்டுவார்.

குடியிருப்புகள் சிதறிக் கிடந்தால் வண்டி. கர்ப்பகாலப் பரிசோதனையும் மாதக்கணக்கில் நீளும் காசநோய் சிகிச்சையுமே முக்கியமென்றால் கட்டடம். வாடகைக்கு எடுத்த ஓர் அறையானாலும் சரி.