பேச்சுக் கழகத்தில் சில வருடங்கள்: யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

யாழ்ப்பாணத்தில் மேடையில் பேச ஆளில்லை என்று யாரும் சொன்னதில்லை. ஆறுமுக நாவலர் 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கம் தொடங்கிய ஊர் இது. இன்றைக்கும் திருவிழா, பட்டிமன்றம், பள்ளிக்கூடத்துத் தமிழ்த்தினப் போட்டி என்று ஒலிவாங்கிக்கு ஓய்வில்லை. பிறகெதற்குக் காசு கட்டிப் பேச்சுக் கழகத்தில் சேர வேண்டும் என்று வீட்டிலேயே கேட்டார்கள். கோவிட் ஊரடங்குகள் ஓய்ந்த பிறகு சேர்ந்தவன், இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். எனக்குக் கிடைத்த பெரிய பயன், பேச்சை நேரத்துக்கு முடிக்கத் தெரிந்ததுதான். இங்கே பல விழாக்களில் மேடையில் இருப்பவர்களை விளித்து முடிக்கவே பத்து நிமிடம் போய்விடுகிறது என்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

எங்கள் கழகம், டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற உலகளாவிய பேச்சுப் பயிற்சி அமைப்பின் முறையில் நடப்பது. 1924இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா நகரத்து வை.எம்.சி.ஏ.யில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய முறை. ஆசிரியர் என்று ஒருவரும் இல்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் வேலைகளை உறுப்பினர்களே பிரித்து எடுப்பார்கள். ஒருவர் நேரம் பார்ப்பார், ஒருவர் மொழியைக் கவனிப்பார், இன்னொருவர் ‘ஆ’, ‘வந்து’, ‘அதாவது’ போன்ற இழுவைகளை எண்ணிக் கடைசியில் சபையில் வாசிப்பார். முதல் பேச்சு உங்களைப் பற்றியது, நாலு முதல் ஆறு நிமிடம். வழக்கமான பேச்சென்றால் ஐந்து முதல் ஏழு நிமிடம். நேரம் பார்ப்பவர் ஐந்தாவது நிமிடத்தில் பச்சை நிறம் காட்டுவார், ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. சிவப்பு விழுந்த பிறகு அரை நிமிடம் பொறுப்பார்கள், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் நான் பேசியதெல்லாம் ஆசிரியர் எழுதித் தந்ததை மனனம் செய்துதான். ஒரு வரி தவறினால் மிச்சம் முழுவதும் போய்விடும். இங்கே ‘டேபிள் டொப்பிக்ஸ்’ என்ற பகுதியில் தலைப்பை எழுந்து நின்ற பிறகுதான் சொல்வார்கள். இரண்டு நிமிடத்துக்குள் பேசிவிட்டு அமர வேண்டும். எதை மனனம் செய்வது? தொடக்கத்தில் இந்தப் பகுதி வந்தாலே கதிரைக்குள் ஒளிந்துகொள்ளப் பார்ப்பேன்.

இத்தனைக்கும் மேலே நான் வைப்பது மதிப்பீட்டைத்தான். ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு மதிப்பீட்டாளர் உண்டு. இரண்டு மூன்று நிமிடத்தில், பேசியவர் முன்னாலேயே, எது நன்றாக வந்தது, எதைத் திருத்தலாம் என்று சொல்ல வேண்டும். வயதில் மூத்தவரை இளையவர் எல்லோர் முன்னாலும் விமர்சிப்பது நம்மூரில் எங்கே நடக்கிறது? ஒருநாள் பல்கலைக்கழக மாணவி ஒருத்தி எழும்பி, “சேர், நீங்கள் மூண்டு விசயம் சொன்னீங்கள். எனக்கு ஒண்டுதான் ஞாபகம் இருக்கு. மற்ற ரெண்டும் தேவையோ?” என்று கேட்டாள். கொஞ்சம் சுட்டது. யோசித்துப் பார்த்தால் தேவையில்லைதான். இன்னொருவரை மதிப்பிடும் முறை எனக்கு வந்தபோதுதான், ஆறு நிமிடம் வேறொரு நினைப்பும் இல்லாமல் ஒருவரைக் கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு சிரமம் என்று தெரிந்தது.

நான் விவசாயப் போதனாசிரியர். கமக்காரர் அமைப்புகளின் கூட்டங்களில் கதைப்பதுதான் என் வேலையில் பாதி. முன்பெல்லாம் சுற்றறிக்கையில் உள்ள அத்தனையையும் ஒப்புவிப்பேன், சனம் தேநீரைப் பார்த்துக்கொண்டிருக்கும். இப்போது இந்தக் கிழமை வெங்காயத் தோட்டத்தில் செய்ய வேண்டிய ஒரு வேலையை மட்டும் சொல்லிவிட்டு, கேள்விகளுக்கு நேரம் விடுகிறேன். அதில் 2021ஆம் ஆண்டின் உர இறக்குமதித் தடை எப்போதும் கிளம்பும். “உரம் இல்லாத நேரம் நீங்கள் எங்க தம்பி போனனீங்கள்?” என்று ஒரு ஐயா கேட்டார். “எங்களிட்டயும் உரம் இருக்கேல்ல ஐயா” என்று நேராகச் சொல்லிவிட்டு, கூட்டெருவுக்கும் இந்தப் போகத்து உர அளவுக்கும் வந்தேன். ஆயத்தமில்லாத கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் தொடங்கும் அந்தப் பழக்கம் டேபிள் டொப்பிக்ஸ் தந்ததுதான்.

மேடைப்பயம் போய்விடுமா என்றால், எனக்குப் போகவில்லை. முதல் வசனம் வரைக்கும் நெஞ்சு இடிக்கும், பிறகு அடங்கிவிடும் என்று தெரிந்திருப்பதால் சமாளிக்கிறேன்.

குறைகளும் உண்டு. தலைமையகத்துக்கு ஆறு மாதத்துக்கு 60 டொலர் சந்தா, புதிதாகச் சேருபவர் இன்னும் 20 டொலர் கட்ட வேண்டும். டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் சந்தா மட்டும் 18,000 ரூபாய். வேலை தேடும் பிள்ளைகளுக்கு இது பாரம். கூட்டம் பிந்தினால் வடமராட்சிப் பக்கம் போகிறவர்களுக்கு பஸ் பிரச்சினை, அதனாலேயே நின்றுபோன பெண்கள் இருக்கிறார்கள். நன்றாகப் பேசத் தொடங்குகிற பெடியள் கனடாவுக்கோ லண்டனுக்கோ போய்விட, மிஞ்சிய நாலைந்து பேர் எல்லா வேலையையும் இழுப்போம். ஆங்கிலம் படிக்கத்தான் வருகிறேன் என்பவர்கள் ஓரளவு தெரிந்துகொண்டு வந்தால் நல்லது, இங்கே இலக்கணம் யாரும் படிப்பிப்பதில்லை. எங்கள் கழகத்தில் தமிழிலும் பேசலாம். நான் இரண்டிலும் பேசுகிறேன், தமிழில் பேசும்போதுதான் இழுவைகள் கூடுதலாக வருகின்றன!

சேர நினைப்பவர்கள் காசு கட்டுவதற்கு முன் விருந்தினராக ஒருக்கா போய் இருந்து பாருங்கள், அதற்குக் கட்டணம் கேட்பதில்லை. பேச்சாளரைவிட மதிப்பீட்டாளரைக் கவனியுங்கள். எல்லாப் பேச்சுக்கும் ‘அருமை, அற்புதம்’ என்று சொல்லிவிட்டு இருக்கிறார்களென்றால் வேறு கழகம் தேடுங்கள்.