"ஒப்பந்தம் பிறகு வரும்" என்று கதை வாங்குபவர்கள்: சிறுவர் எழுத்தாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சிறுவர்களுக்குக் கதை எழுதுகிறவர்கள், அனிமேஷன் தொடர்களுக்குத் திரைக்கதை எழுதித் தருகிறவர்கள், இப்போதுதான் எழுதத் தொடங்கியிருக்கும் இளையவர்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும். சென்னையில் இயங்கும் ஒரு குழந்தைகள் அனிமேஷன் நிறுவனம் என் 13 திரைக்கதைகளை வாங்கிக்கொண்டது. பேசிய பணத்தில் பாதியைக்கூடத் தராமல், என் பெயரையும் எடுத்துவிட்டு, மூன்று மொழிகளில் ஓட்டியது. புத்தகமாகவும் அச்சிட்டு விற்றது. வழக்கு நடப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் ஏமாற்றும் முறை எல்லோருக்கும் தெரிய வேண்டும், ஏனென்றால் இதே முறையில் வேறு சிலரிடமும் கதைகளை வாங்கியிருக்கிறார்கள்.

இந்தத் துறையில் எழுதிப் பிழைப்பது எப்போதுமே கடினம். அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைப் பாடல்கள் எழுதினார். வாண்டுமாமாவுக்குப் பத்திரிகை அலுவலக வேலை இருந்தது. 1972-இல் தொடங்கிய 'கோகுலம்' சிறுவர் இதழ் 2019-இல் நின்றபோது, கதை அனுப்பிச் சன்மானம் வாங்க எங்களுக்கு இருந்த சில வாசல்களில் ஒன்று அடைபட்டது. புத்தகம் என்றால், 80 ரூபாய் விலையுள்ள கதைப் புத்தகத்துக்குப் பத்து சதவீத ராயல்டி கிடைத்தால் பிரதிக்கு எட்டு ரூபாய். ஆயிரம் பிரதிகள் விற்றுத் தீர்ந்தால் எட்டாயிரம். அது தீர எத்தனை புத்தகக் காட்சிகள் ஆகும் என்பது எழுதுகிறவர்களுக்குத் தெரியும். அந்த நிறுவனமோ ஒரே எபிசோடுக்கு எட்டாயிரம் தருவதாகச் சொன்னது. இந்தக் கணக்கு அவர்களுக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்துதான் நம்மிடம் வருகிறார்கள்.

முதலில் பேசியவர் அவர்களுடைய படைப்புப் பிரிவின் பொறுப்பாளர். "அக்கா, உங்கள் இசக்கி கதைகளை என் மகளுக்குத் தினமும் படித்துக் காட்டுகிறேன். இசக்கியைத் திரையில் கொண்டுவர வேண்டும்" என்றார். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை செய்யும் பாட்டியோடு வளரும் ஏழு வயதுச் சிறுமி இசக்கி. என் இரண்டு புத்தகங்களில் வருகிறாள். 'ஒன்று, மூன்று, இரண்டு' என்றுதான் எண்ணுவாள். பொறுமை இல்லாதவள், பெரிய எண்ணை முதலில் பிடித்துக்கொண்டு, விட்டதை எடுக்கத் திரும்பி வருவாள்.

மின்னஞ்சலில் பேசி முடித்தது இதுதான்: 13 எபிசோடுகள், எபிசோடுக்கு எட்டாயிரம், யூடியூபில் தமிழில் மட்டும் வெளியீடு, ஒவ்வொன்றிலும் 'கதை, திரைக்கதை' என்று என் பெயர், புத்தக உரிமை என்னிடமே. "சரி அக்கா, இதையே வக்கீலிடம் கொடுத்து ஒப்பந்தமாக அனுப்புகிறோம். ஓவியர்கள் காத்திருக்கிறார்கள், நீங்கள் தொடங்கிவிடுங்கள்" என்று பதில் வந்தது. முன்பணமாக நாற்பதாயிரம் போட்டார்கள். திருத்தம் கேட்டார்கள், எழுதித் தந்தேன். ஒப்பந்தத்தைக் கேட்கும்போதெல்லாம் வக்கீலிடம் இருப்பதாகச் சொன்னார்கள். கடைசி எபிசோடு போய்ச் சேர்ந்த பிறகுதான் அது வந்தது.

வந்தது நீளமான ஆங்கில பி.டி.எஃப். நான் எழுதியது, அதற்கு அடிப்படையாக இருந்த முந்தைய படைப்புகள், பாத்திரங்கள் எல்லாம் உலகம் முழுவதும், என்றென்றைக்கும், இன்று உள்ளதும் இனி வரப்போவதுமான எல்லா ஊடகங்களிலும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று அதில் இருந்தது. பெயர் போடுவதும் போடாததும் நிறுவனத்தின் விருப்பம். வழக்கு என்றால் மும்பையில் மட்டும். கையெழுத்திட்டால் மீதி 64,000 ரூபாய் வரும், இல்லையென்றால் வராது. 'முந்தைய படைப்புகள்' என்ற அந்த இரண்டு சொற்களைக் கவனியுங்கள். அதற்குச் சம்மதித்திருந்தால், வேறு பதிப்பகத்தில் ஏற்கெனவே வெளிவந்த என் இரண்டு புத்தகங்களும் அவர்களுடையதாகியிருக்கும். நான் மறுத்தேன். "இது வழக்கமான படிவம்தான் மேடம், எல்லோரும் போட்டுக் கொடுக்கிறார்கள்" என்றார், அதுவரை அக்கா என்று அழைத்தவர்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தாளருக்கு எவ்வளவு பாதுகாப்புத் தருகிறது என்பதை நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. 19-ஆவது பிரிவின்படி, எழுத்தாளர் அல்லது அவருடைய அதிகாரம் பெற்றவர் கையெழுத்திட்ட ஆவணம் இல்லாமல் உரிமை மாற்றம் செல்லாது. பணம் கைமாறியதாலேயே உரிமை கைமாறிவிடாது. அந்த ஆவணத்தில் எந்தப் படைப்பு, என்னென்ன உரிமைகள், எவ்வளவு காலம், எந்த எல்லைக்குள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள்தான். எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும்தான். காலியாக விட்ட இடத்தைச் சட்டம் நமக்குச் சாதகமாக நிரப்புகிறது. அதனால்தான் இவர்கள் எதையும் காலியாக விடுவதில்லை. புதிதாக வரப்போகும் ஊடகத்துக்கும், ஒப்பந்தத்தில் அதைக் குறிப்பாகச் சொல்லியிருந்தால் ஒழிய, பழைய ஒப்பந்தம் பொருந்தாது. இது 2012 திருத்தத்தில் வந்தது. மொழிபெயர்ப்பும் தழுவலும் தனித்தனி உரிமைகள், எவற்றைத் தருகிறோம் என்பதை ஆவணத்தில் குறிப்பிட வேண்டும்.

நான் கையெழுத்திடவில்லை. சில மாதங்களில் ஓர் ஆசிரியத் தோழி ஒரு யூடியூப் இணைப்பை அனுப்பி, "இது உன் இசக்கி அல்லவா?" என்று கேட்டாள்.

அதில் இசக்கி, ஐஷு ஆகியிருந்தாள். உப்பளம் கடற்கரை பங்களா ஆகியிருந்தது. பாட்டி பட்டுச் சேலையில் பால்கனியில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் ஐஷுவும் 'ஒன்று, மூன்று, இரண்டு' என்றுதான் எண்ணினாள். வசனங்கள் வரிக்கு வரி என்னுடையவை. கடைசியில் 'கதை, திரைக்கதை: படைப்புக் குழு' என்று போட்டிருந்தார்கள்.

பணத்தைவிட என்னை வதைத்தது நான்காவது எபிசோடு. உப்பளத்தில் வெயில் மேலிருந்தும் வரும், வெண்மையான உப்பில் பட்டுக் கீழிருந்தும் வரும். அன்று முழுவதும் பாட்டியோடு நின்றுவிட்டு வந்த இசக்கி, பாட்டியின் பாத வெடிப்புகளில் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவாள். "எரிகிறதா ஆச்சி?" என்று கேட்பாள். "உப்புத்தானே, பழகிவிட்டது" என்பாள் பாட்டி. நான் எழுதியது அவ்வளவுதான். அவர்கள் எடுத்த படத்தில் வெயிலில் இருந்து வரும் ஐஷுவைத் தோழிகள் 'கரிக்கட்டை' என்று அழைக்கிறார்கள், பின்னணியில் சிரிப்பொலி கேட்கிறது. அவள் அழுது, பாட்டி கொடுக்கும் கிரீமைப் பூசிக்கொள்கிறாள். மறுநாள் எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஐந்து வயதுக் குழந்தைகள் பார்க்கும் படம் இது! உப்பளத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் நான் நேரில் சொல்லிவந்த கதை இது. தன் நிறத்தைப் பற்றி ஒரு குழந்தை வெட்கப்படும்படி ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. சட்டத்தின் 57-ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. உரிமையை விற்றுவிட்ட பிறகும், படைப்பு தன்னுடையது என்று சொல்லவும், தன் மதிப்பைக் கெடுக்கும்படி அதைத் திரித்தால் தடுக்கவும் எழுத்தாளருக்கு உரிமை உண்டு. நானோ விற்கவே இல்லை.

என் வக்கீல் நோட்டீசுக்கு அவர்கள் இரண்டு பதில்கள் சொன்னார்கள். இரண்டையும் நாளை உங்களிடமும் சொல்லக்கூடும். முதலாவது, நான் அவர்களுடைய ஊழியராம். வேலையின் பகுதியாக ஊழியர் எழுதியது முதலாளிக்குச் சொந்தமாம். முறையான பணி ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்பவர்களுக்கு 17-ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் எனக்குத் தந்த நாற்பதாயிரத்தில் நாலாயிரத்தை அவர்கள் வருமான வரிக்காக (டி.டி.எஸ்.) பிடித்திருந்தார்கள். நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை எடுத்துப் பார்த்தபோது அது 194ஜே என்ற பிரிவில் இருந்தது. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் அது தொழில்முறைக் கட்டணத்துக்கான பிரிவு. சம்பளம் என்றால் 192-ஆவது பிரிவில் வந்திருக்கும். நான் ஊழியர் அல்ல என்பதை அவர்களுடைய கணக்காளரே எழுதிவைத்திருந்தார். வரிப் பிடித்தத்தைக் காட்டும் உங்கள் படிவத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பாட்டியையும் பேத்தியையும் வைத்து யார் வேண்டுமானாலும் கதை எழுதலாம் என்பது. உண்மைதான். கருவுக்கு உரிமை கிடையாது, அது எழுதப்பட்ட வடிவத்துக்குத்தான் உரிமை என்று 1978-இலேயே உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. ஆனால் 'ஒன்று, மூன்று, இரண்டு' பொதுவான கரு அல்ல, அச்சில் ஏற்கெனவே வந்த என் எழுத்து.

யூடியூபில் பதிப்புரிமைப் புகார் கொடுத்தேன். வீடியோக்கள் நீங்கின. உடனே அவர்கள், என் புகார் தவறு என்று யூடியூபுக்கு எதிர் அறிவிப்புக் கொடுத்தார்கள். அதன்பின் பத்து வேலை நாட்களுக்குள் நீதிமன்றத்தை நாடியதற்கான சான்றைக் காட்டாவிட்டால் வீடியோக்கள் திரும்ப வந்துவிடும். பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். அவர்கள் மும்பை என்று எழுதியிருந்தாலும், பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆவது பிரிவின்படி எழுத்தாளர் தான் வசிக்கும் மாவட்டத்து நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம். எங்கள் ஊர் வக்கீல் அதைத்தான் செய்தார். தமிழ் வீடியோக்கள் திரும்ப வரவில்லை. தெலுங்கு, இந்தி வடிவங்கள் வேறு சேனல்களில் இன்னும் ஓடுகின்றன. படப் புத்தகம் சென்னைப் புத்தகக் காட்சியில் விற்பனைக்கு இருந்தது. மீதிப் பணம் வரவில்லை.

இதே நிறுவனம் புதிய எழுத்தாளர்களிடம் புத்தகம் போட்டுத் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குகிறது, அதில் புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கென்று ஒரு தொகையும் உண்டு. இந்தியாவில் அந்த எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகத் தருகிறது, எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். கதையைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, எழுதிய கணமே உரிமை உங்களுடையது. ஆனாலும் இலக்கியப் படைப்பைப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்ய 500 ரூபாய்தான் கட்டணம். திரைக்கதை என்றால் மும்பையிலும் சென்னையிலும் உள்ள திரைப்பட எழுத்தாளர் சங்கங்களிலும் பதிவு செய்யலாம். என் வழக்கில் கைகொடுத்தவை தேதியிட்ட மின்னஞ்சல்களும் முன்பே அச்சான இரண்டு புத்தகங்களும்தான். தொலைபேசியில் பேசியது எதுவும் நிற்கவில்லை. அதனால் பேசி முடித்ததும் அதையே அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏதாவது ஒரு குழந்தைகள் சேனலுக்குக் கதை அனுப்பிவிட்டு, பிறகு பதிலே வராமல் போனவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்கள் கதையின் தலைப்பையோ பாத்திரங்களின் பெயர்களையோ போட்டுத் தேடாதீர்கள், அவற்றைத்தான் முதலில் மாற்றியிருப்பார்கள். உங்கள் வசனத்தில் உங்களால் மட்டுமே எழுதக்கூடிய ஒரு வரியைத் தேடுங்கள், தெலுங்கு, இந்தி தெரிந்தவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். கிடைத்தால், புகார் கொடுப்பதற்கு முன்பே முழு வீடியோவையும் தேதி தெரியும்படி பதிவு செய்து வையுங்கள். புகார் போன மறுநாள் கடைசிப் பெயர்ப் பட்டியலை மாற்றிவிடுகிறார்கள்.