இரண்டு பதினாறு வயதுப் பையன்கள்

சாவுக்குப் பயந்துதான் சாமி கும்பிடுகிறோமா? ஆமாம் என்பதற்கு மார்க்கண்டேயன் இருக்கிறான். பதினாறு வயதில் எமன் வந்ததும் லிங்கத்தைக் கட்டிக்கொண்டான். சிவன் எமனை உதைத்தார். கவனியுங்கள், பயம் போகவில்லை, எமன்தான் போனான். அந்தக் கதைக்குரிய திருக்கடையூரில் இன்றும் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் ஜோராக நடக்கின்றன. கலசத் தண்ணீர் தலையில் விழும்போது தாத்தா சிலிர்க்கிறார், பாட்டி வெட்கப்படுகிறார், பேரன்கள் செல்போனில் படம் பிடிக்கிறார்கள். சாவு பற்றி யாரும் பேசுவதில்லை. வேண்டுதல் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் என்பதுதான்.

ரமணர் கதை வேறு. 1896, மதுரை, சித்தப்பா வீட்டு மாடி. அவருக்கும் வயது பதினாறு. உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் திடீரென்று மரண பயம். யாரையும் கூப்பிடவில்லை. கைகால்களை விறைத்து, மூச்சை அடக்கி, பிணம்போலப் படுத்துக்கொண்டார். சரி, உடம்பு செத்துவிட்டது; ‘நான்’ செத்தேனா? பயம் அதோடு ஒழிந்தது.

அப்புறம் பக்தியும் ஒழிந்திருக்க வேண்டுமே! இல்லை. அதன் பிறகுதான் மீனாட்சி கோயிலுக்கு அடிக்கடி போய், அறுபத்துமூவர் சிலைகள்முன் கண்ணீர் வழிய நின்றார். பயமே காரணம் என்பவர்களிடம் நான் கேட்க நினைப்பது இந்தக் கண்ணீரைப் பற்றித்தான்.