ஃபெராரி பி4/5: ஒரே ஒரு ஆளுக்காக ஒரே ஒரு கார்

ஜேம்ஸ் கிளிக்கன்ஹாஸ்னு நியூயார்க்காரர், படம் டைரக்ட் பண்ணவர், அப்பறம் ஃபைனான்ஸ், ஃபெராரியோட அபூர்வ சூப்பர்காரான என்ஸோ ஒண்ண புதுசா வாங்கி அத அப்படியே பினின்ஃபரினாங்கிற இத்தாலி கார் டிசைன் கம்பெனி கையில குடுத்து பாடிய கழட்டிட்டு எனக்குப் பிடிச்ச மாதிரி புதுசா செஞ்சு குடுங்கன்னுட்டாரு. மத்தவனா இருந்தா என்ஸோவ போர்வை போட்டு மூடி வச்சிருப்பான்! ஜேசன் காஸ்ட்ரியோட்டா டிசைன் பண்ணி 2006 ஆகஸ்ட்ல கலிஃபோர்னியா பெபிள் பீச் கார் ஷோவுல காட்டுனாங்க. செலவு சுமார் 40 லட்சம் டாலர்னு அப்பவே பேச்சு.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது பின்பக்கம்தான். 60-கள்ல ஓடுன ஃபெராரியோட பி3/4 ரேஸ் கார் ஞாபகத்துல செஞ்சது, ஆனா காப்பி அடிச்ச மாதிரி இல்ல, கண்ணாடி தலைக்கு மேல குமிழ் மாதிரி வளைஞ்சு பின்னாடி வரைக்கும் இறங்குது, அதுக்கு அந்தப்பக்கம் 6 லிட்டர் வி12 இன்ஜின் (12 சிலிண்டர்), வால்ல ரவுண்டு லைட்டு, பின் சக்கரத்துக்கு மேல அந்த இடுப்பு வளைவு இருக்கே, போட்டோவ ஜூம் பண்ணி பண்ணி பாத்துக்கிட்டே இருக்கலாம். மூஞ்சி அவ்வளவு இல்ல, நடுவுல கூர்மையா இழுத்து விட்டது சில ஆங்கிள்ல கொஞ்சம் ஓவர். உள்ள பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல.

அப்ப ஃபெராரி தலைவரா இருந்த மாண்டெசெமோலோவே பாத்துட்டு ஃபெராரி பேட்ஜ் போட்டுக்கோன்னு ஓகே சொன்னாரு, அது சும்மா கிடைக்கிற விஷயமில்ல. அதவிட முக்கியம், கிளிக்கன்ஹாஸ் நம்பர் பிளேட் மாட்டி ரோட்டுல ஓட்டுறாரு. அதுக்கே ஃபுல் மார்க்கு, மூஞ்சிக்கு மட்டும் அர மார்க் கொறச்சுக்கலாம்.