பழைய காரின் பவர் விண்டோ: மோட்டாரை மாற்றுவதற்கு முன்

என்னிடம் இருக்கும் அதே மாடலில் பழைய கார் ஒன்றை வாங்கவிருக்கும் நண்பர், அதில் ஓட்டுநர் பக்க ஜன்னல் கண்ணாடி பாதியில் நின்றுவிடுகிறது, அதை ஏற்றி இறக்கும் மோட்டாரை மாற்றினால் சரியாகிவிடுமா என்று கேட்டார். இந்தக் காரில் என்னை நெடுங்காலம் வாட்டிய ஒரே குறை அதுதான் என்பதால், ஆம் இல்லை என்று பதில் சொல்லி முடிக்க மனம் வரவில்லை. இன்ஜின், கியர், சஸ்பென்ஷன் எதைப் பற்றியும் எனக்குப் புகார் கிடையாது. பதினைந்து ஆண்டுகளைத் தாண்டிய பிறகும் வண்டி முதல் முயற்சியிலேயே கிளம்புகிறது, நெடுஞ்சாலையில் அதன் நிதானம் இன்றும் எனக்குப் பிடித்திருக்கிறது. அந்த ஒரு கண்ணாடி மட்டும் பல பயணங்களின் நிம்மதியைக் கெடுத்திருக்கிறது.

குறையின் போக்கு முதலில் தெளிவாகவே இருந்தது. கண்ணாடி கீழே தடையின்றி இறங்கும். மேலே வரும்போது முக்கால் உயரத்தில் வேகம் குறைந்து, முன்பக்கமாகச் சற்றே சாய்ந்து நின்றுவிடும். சுவிட்சைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் சிறிது நேரத்தில் எந்த அசைவும் இருக்காது. சில நிமிடங்கள் கழித்து அதே மோட்டார் ஒன்றும் நடவாததுபோல் இயங்கும். இப்படி இறந்து பிழைப்பதைப் பார்த்தால் மோட்டார்தான் கெட்டுவிட்டது என்றே எவருக்கும் தோன்றும். உண்மையில், பெரும்பாலான விண்டோ மோட்டார்களுக்குள் சூடு அதிகமானால் மின்சாரத்தைத் தடுத்து, ஆறியதும் மீண்டும் விடுகிற பாதுகாப்பு அமைப்பு ஒன்று உண்டு. அது வேலை செய்கிறது என்றால் மோட்டார் தன் சக்திக்கு மீறிய எதையோ இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இதை அறிந்திருக்க வேண்டிய பணிமனையில், கதவைத் திறந்து உள்ளே பார்ப்பதற்கு முன்பே மோட்டார் போய்விட்டது என்று முடிவுகட்டி, புதியதைப் பொருத்தினார்கள். சில வாரங்கள் கண்ணாடி விரைவாக ஏறியது, பிறகு பழைய இடத்திலேயே நிற்கத் தொடங்கியது. புதிய மோட்டாருக்கு இழுவிசை கூடுதல் என்பதால் உராய்வை அது கொஞ்ச காலம் மறைத்திருக்கிறது, அவ்வளவுதான். அங்கே வேலை செய்தவர்களின் உழைப்பில் குறையில்லை, கதவின் உள்பக்க மூடியான பேடைப் பிடிக்கும் கிளிப் ஒன்றுகூட உடையாமல் கழற்றி மாட்டினார்கள். ஆயினும், நோயைப் பார்க்காமல் மருந்து கொடுத்ததை நினைக்கும்போது இன்றும் கோபம் வருகிறது.

பிறகு நானே வரிசையாகச் சோதித்தேன். முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். இருட்டில் காரின் உள்விளக்கைப் போட்டு, இன்ஜினை அணைத்த நிலையில் சாவியை மட்டும் திருகி வைத்து, கண்ணாடி நிற்கும்போது சுவிட்சை அழுத்த வேண்டும். விளக்கு மங்கினால் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது, தடை இயந்திரப் பகுதியில் இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். சிறிதும் மங்காவிட்டால் ஃபியூஸ், சுவிட்ச், கதவுக்கும் காரின் உடலுக்கும் இடையே ரப்பர் குழாய்க்குள் மடங்கி மடங்கி அறுந்துபோகும் வயர், மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். என் காரில் விளக்கு நன்றாகவே மங்கியது. மோட்டாரின் கப்ளரில், அதாவது வயர் வந்து சேரும் இணைப்பில், கண்ணாடி ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்ட்டை மல்டிமீட்டரால் அளந்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஏறத்தாழ 14 வோல்ட் இருக்கும். அதை ஒட்டிய அளவே கப்ளரிலும் கிடைத்ததால் சுவிட்சும் வயரிங்கும் குற்றமற்றவை என்று உறுதியானது. சுமை இல்லாமல் எடுக்கும் அளவை இந்த வேலையில் நம்பக்கூடாது, ஏனெனில் கருகிய சுவிட்சும் அப்போது முழு வோல்ட்டைக் காட்டிவிடும்.

எல்லா ஐயத்தையும் தீர்த்தது அடுத்த சோதனை. கதவின் உள் பேடைக் கழற்றி, பிளாஸ்டிக் தாளைக் கிழியாமல் உரித்து, மோட்டாரின் விசையால் கண்ணாடியைத் தூக்கி இறக்கும் அமைப்பான ரெகுலேட்டருடன் கண்ணாடியை இணைக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, கண்ணாடியைக் கையாலேயே மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தேன். மோட்டாரின் தொடர்பே இல்லாத அந்த நிலையிலும் அது முக்கால் உயரத்தில் முன்பக்கச் சேனலில், அதாவது கண்ணாடியின் ஓரம் ஓடும் தடத்தில், இறுகி நின்றது. சேனல் ரப்பரின் உட்புறத்தில் கண்ணாடி வழுக்கிச் செல்வதற்கென்று இருக்கும் மெல்லிய பஞ்சுப் பூச்சு தேய்ந்துபோயிருந்தது; ரப்பர் வெயிலில் காய்ந்து கட்டையாகிவிட்டிருந்தது; முன்பு யாரோ தடவிய கிரீஸில் புழுதி சேர்ந்து சாந்துபோல் ஒட்டியிருந்தது. கூடவே, முன்பக்கச் சேனலைக் கீழே பிடித்திருக்கும் போல்ட் தளர்ந்து, சேனல் உள்நோக்கிச் சாய்ந்திருந்தது. கண்ணாடி ஏன் முன்பக்கமாகச் சாய்ந்தது என்பதற்கு விடை அதிலேயே இருந்தது.

செய்த வேலை எளியது. பழைய ரப்பரை உருவிவிட்டு, சேனலைச் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து உலரவிட்டு, புதிய ரப்பரை மூலைகளிலிருந்து தொடங்கி அழுத்திப் பொருத்தினேன். அதன் மேல் சிலிக்கான் ஸ்பிரே மட்டும் மெல்லியதாக அடித்தேன். பெட்ரோலிய எண்ணெயும் கிரீஸும் இவ்வகை ரப்பரை ஊதிப்போகச் செய்யும் என்பதால், கிரீஸை ரெகுலேட்டரின் உலோகத் தடத்தோடு நிறுத்திக்கொண்டேன். கண்ணாடியை முழுவதும் மேலே ஏற்றி, அது தன் இடத்தில் பொருந்திய பிறகே போல்ட்டுகளை இறுக்கினேன். பிளாஸ்டிக் தாளை மீண்டும் நன்றாக ஒட்டுவதில் சோம்பல் கூடாது. இல்லையேல் மழைநீர் காருக்குள் வரும்.

இந்த வேலையில் இறங்குபவர்கள் இரண்டு எச்சரிக்கைகளை மனத்தில் கொள்ள வேண்டும். போல்ட்டைத் தளர்த்துவதற்கு முன் கண்ணாடியைக் கதவுச் சட்டத்தோடு டேப்பால் ஒட்டி நிறுத்த வேண்டும், இல்லையென்றால் அது கதவுக்குள் விழும். கத்தரிக்கோல் போல மடங்கும் ரெகுலேட்டரில் முறுக்கிய ஸ்பிரிங் இருந்தால், ரெகுலேட்டரின் கைபோன்ற உலோகப் பட்டையைப் பூட்டிவைக்காமல் மோட்டாரைக் கழற்றக்கூடாது. அந்தப் பட்டை திடீரென்று விசிறி விரலைச் சிதைத்துவிடும்.

இப்போது கண்ணாடி ஒரே வேகத்தில் ஏறி, மேல் விளிம்பில் மெல்லிய ஒலியோடு அடங்குகிறது. இவ்வளவு சிறிய செயல் இத்தனை மகிழ்ச்சி தரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காரணமே இல்லாமல் சில நாட்கள் அதை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். ஆயினும் நண்பருக்கு நான் சொன்ன பதில், அந்தக் காரை வாங்க வேண்டாம் என்பதே. ஓட்டுவதற்கு இதைவிட நல்ல பழைய காரை நான் அறிந்ததில்லை, அந்த எண்ணத்தில் மாற்றமில்லை. எனினும், தேயும் என்று தெரிந்தே பொருத்தப்பட்ட ஒரு ரப்பருக்கு இதன் பராமரிப்பு அட்டவணையில் ஒரு வரிகூட இல்லை என்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. என் காரின் மற்ற மூன்று கதவுகளிலும் அதே வயதுடைய ரப்பர்தான் இருக்கிறது. பின்பக்க இடது கண்ணாடி இப்போதே மெதுவாகத்தான் ஏறுகிறது. வாங்கியே தீருவேன் என்று அவர் நின்றால், விலை பேசுவதற்கு முன் நான்கு கண்ணாடிகளையும் இன்ஜினை அணைத்த நிலையில் ஏற்றிப் பார்க்கட்டும், ஒவ்வொன்றும் எங்கே தயங்குகிறது என்று குறித்துக்கொள்ளட்டும், புதிய ரப்பர் இன்னும் கிடைக்கிறதா என்பதையும் விசாரித்துவிடட்டும்.