மன்னார்குடி மில்லு கிளாஸும் ஓர் உஸ்பெக் வீரரின் பதினாறு சண்டைகளும்

மன்னார்குடியில் பாமணி ஆற்றுக்கு அருகே, ஒரு காலத்தில் நெல் அரைவை ஆலையாக இருந்த தகரக் கொட்டகையில், வாரத்துக்கு ஐந்து நாள் மாலையில் குத்துச்சண்டை வகுப்பு நடக்கிறது. அதற்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஊரில் எல்லோரும் அதை ‘மில்லு கிளாஸ்’ என்றே சொல்கிறார்கள். 2024 ஜூனில் பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைத்த என் மகளை அங்கே சேர்த்தேன். நீடாமங்கலத்துப் பக்கத்திலிருந்து பேருந்தில் அவளை அழைத்து வந்து, ஒன்றரை மணி நேரம் சுவரோரப் பலகையில் உட்கார்ந்து, பிறகு திரும்ப அழைத்துப் போவது பதினாறு மாதங்களாக என் மாலை வேலையாகிவிட்டது. அந்தப் பலகையிலிருந்து பார்த்ததையும் கேட்டதையும் வைத்து, பிள்ளையைச் சேர்க்கலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

மாதக் கட்டணம் 900 ரூபாய். கையில் சுற்றும் துணிக்கட்டும் பல் காப்பும் நாமே வாங்கிக் கொடுக்க வேண்டும்; கையுறையை முதல் மூன்று மாதம் அங்கேயே இரவல் தருகிறார்கள். தொங்கும் மூட்டைகளில் இரண்டு கடையில் வாங்கியவை. மற்ற நான்கும் நெல்சாக்கில் பழந்துணியும் உமியும் அடைத்து மாஸ்டரே தைத்தவை. இவற்றைக் கண்டு முதலில் தயங்கினேன். ஆனால் கை வலுக்காத பிள்ளைக்குக் கல் போன்ற மூட்டையைவிட இதுவே மணிக்கட்டுக்கு நல்லது என்று அவர் விளக்கியதோடு, முதல் ஆறு வாரம் என் மகளைக் கடை மூட்டையின் பக்கமே விடவில்லை.

என் மகள் இடதுகைக்காரி. எங்கள் வீட்டில் அது சிறு விஷயமாக இருந்ததில்லை. என் தாயார், அவளுக்கு அப்பாயி, இன்றைக்கும் அவள் இடதுகையால் தண்ணீர்ச் செம்பை நீட்டினால் வாங்க மாட்டார். பள்ளியில் சேர்த்த புதிதில் எழுதும் கையை மாற்றிவிடப் பெரும்பாடு பட்டிருக்கிறோம், அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. வகுப்பில் சேர்ந்த முதல் நாள் அவள் எல்லோரையும் பார்த்து இடதுகாலை முன்வைத்து நின்றபோது, மாஸ்டர் அருகில் வந்து ஒரு பந்தை அவள் பக்கம் எறிந்தார். அவள் எந்தக் கையால் பிடித்தாள் என்று பார்த்தார். பிறகு, “காலை மாத்துங்க பாப்பா, உங்களுக்கு வலதுகால்தான் முன்னாடி” என்றார். அன்று வகுப்பு முடிந்ததும் சுவரில் மாட்டியிருந்த பழைய தொலைக்காட்சியில் அவளுக்காகவே ஒரு சண்டையைப் போட்டுக் காட்டினார். அதில் வலதுகாலை முன்வைத்து நின்றவர்தான் உஸ்பெகிஸ்தானின் முரோஜான் அக்மதாலியேவ். பிள்ளைகளுக்கு அவர் எம்ஜே.

இந்த வகுப்பை மற்ற வகுப்புகளிலிருந்து பிரித்துக் காட்டுவது அந்தத் தொலைக்காட்சிதான் என்பது என் முடிவு. சனிக்கிழமைதோறும் கடைசி முக்கால் மணி நேரம் ஒரு சண்டை ஓடுகிறது. பல இடங்களில் பயிற்சியாளர்கள் பெரிய வீரர்கள் எதிராளியைச் சாய்க்கும் காட்சிகளைத் துண்டு துண்டாகக் காட்டிப் பிள்ளைகளைக் கைதட்ட வைக்கிறார்கள். இங்கே ஒரே மனிதரின் தொழில்முறை வாழ்க்கையை முதல் சண்டையிலிருந்து வரிசையாக, தோல்வியையும் சேர்த்து, ஒரு பாடப்புத்தகம்போல நடத்துகிறார்கள்.

எம்ஜே பிறந்தது 1994 நவம்பரில், பெர்கானா பள்ளத்தாக்கிலுள்ள சுஸ்ட் என்ற ஊரில். நமக்கு நாச்சியார்கோயில் என்றதும் குத்துவிளக்கு நினைவுக்கு வருவதுபோல, அந்த நாட்டில் சுஸ்ட் என்றால் கத்தியும் பூவேலை செய்த தொப்பியும். சிர் தாரியா ஆற்று நீர் வாய்க்கால்களில் பாய்ந்து பருத்தியும் பழத்தோட்டமும் விளையும் பூமி அது என்று மாஸ்டர் சொன்னபோது, ஆற்றையும் மதகையும் பார்த்தே வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு அந்த ஊர் சட்டென்று பக்கத்தில் வந்துவிட்டது. 2015இல் தோஹாவில் நடந்த உலகப் போட்டியின் இறுதிச் சுற்றில் அயர்லாந்தின் மைக்கேல் கான்லனிடம் தோற்று வெள்ளி. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அரையிறுதியில் கியூபாவின் ரொபெய்சி ராமிரஸிடம் தோற்று வெண்கலம். அந்த ரியோவில் உஸ்பெகிஸ்தான் குத்துச்சண்டையில் மட்டும் மூன்று தங்கம் உட்பட ஏழு பதக்கங்களை வென்றது. சொந்த நாட்டு அணியிலேயே மூவர் தங்கத்தோடு திரும்பும்போது வெண்கலத்தோடு திரும்பிய ஒருவர், பின்னர் அவர்களுக்கெல்லாம் முன்னால் தொழில்முறை உலகப் பட்டத்தைத் தொட்டார் என்பதை மாஸ்டர் அழுத்திச் சொல்வார்.

அவர் தொழில்முறைக்கு வந்தது 2018இல். 2020 ஜனவரி 30 அன்று மயாமியில் தம் எட்டாவது சண்டையிலேயே அப்போதைய சாம்பியன் டேனியல் ரோமனைச் சந்தித்து, சூப்பர் பேண்டம் எடையில், அதாவது 122 பவுண்டுக்குள், ஏறத்தாழ 55.3 கிலோவுக்குள், டபிள்யூபிஏ, ஐபிஎஃப் என்ற இரண்டு அமைப்புகளின் உலகப் பட்டங்களை ஒரே இரவில் வாங்கினார். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அந்த எடைக்குக் கீழேதான் இருக்கிறார்கள். ஆறடிக்கு மேல் நிற்கும் மல்லர்களின் விளையாட்டு இது என்று நினைத்துக்கொண்டிருந்த ஒல்லிப் பையன்கள் அதைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

இந்தச் சண்டையை நடத்தும்போதுதான் மதிப்பெண் போடும் முறையையும் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொரு பிள்ளையிடமும் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் படத்தை நிறுத்தி, வென்றவருக்குப் பத்து, மற்றவருக்கு ஒன்பது, ஒருவர் தரையில் விழுந்திருந்தால் எட்டு என்று எழுத வேண்டும். ஏன் அப்படி எழுதினோம் என்று ஒரு வரியாவது சொல்லவும் வேண்டும். ‘நல்லா அடிச்சாரு’ என்பதை அவர் காரணமாக ஏற்றுக்கொள்வதில்லை. சுத்தமாக விழுந்த குத்து எத்தனை, தடுத்த கையில் பட்டது எத்தனை, யார் யாரைப் பின்னுக்குத் தள்ளினார், யார் தம் இடத்தில் நின்று ஆடினார் என்று கேட்பார். ரோமனுடனான சண்டையில் இரண்டு நடுவர்கள் 115-113 என்று எம்ஜேக்கும், மூன்றாமவர் அதே 115-113ஐ ரோமனுக்கும் கொடுத்தார்கள். 115-113 என்றால் பன்னிரண்டு சுற்றில் ஏழுக்கு ஐந்து. எம்ஜே பக்கம் நின்ற இருவரில் ஒருவர் ஒரே ஒரு சுற்றை மாற்றி எழுதியிருந்தால், அவருடைய அட்டை 114-114 ஆகி, சண்டை சமநிலையில் முடிந்து, பட்டங்கள் ரோமனிடமே இருந்திருக்கும். பத்தாம் வகுப்புக் கணக்குக்கூடத் தேவைப்படாத இந்தக் கூட்டலைப் பிள்ளைகள் தாங்களாகவே கரும்பலகையில் போட்டுக் கண்டுபிடித்தார்கள்.

அடுத்தடுத்த வாரங்களில் 2021 ஏப்ரலில் தாஷ்கண்டில் சொந்த மக்கள் முன்னிலையில் ஜப்பானின் ரியோசுகே இவாசாவை ஐந்தாவது சுற்றிலேயே மேலும் ஆட முடியாதபடி நிறுத்தி வென்றதும், அந்த ஆண்டு நவம்பரில் சிலியின் ஹோசே வெலாஸ்கஸைப் பன்னிரண்டு சுற்றிலும் ஆடி வென்றதும் வேகமாகக் கடந்துபோயின. 2022 ஜூனில் சான் அன்டோனியோவில் ரானி ரியோஸுடன் ஆடிய சண்டைக்கு மட்டும் இரண்டு சனிக்கிழமைகள் ஒதுக்கினார். பன்னிரண்டாவது சுற்றில் இடதுகை வயிற்றில் இறங்க ரியோஸ் கீழே விழுந்தார். எழுந்தவரை மேலும் தாக்கி எம்ஜே சண்டையை முடித்தார். அந்த ஒரு குத்து விழுவதற்கு முன் எத்தனை முறை வயிற்றுப் பக்கம் குறிவைத்திருக்கிறார் என்று முதல் சுற்றிலிருந்து எண்ணச் சொன்னார் மாஸ்டர். என் மகள் அன்றிலிருந்து முகத்தைத் தேடி அவசரப்படுவதை விட்டுவிட்டாள்.

காலடியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வகுப்பில் ஏழெட்டுப் பேர் முன்பு சிலம்பம் கற்றவர்கள். இடதுகைக்காரர் வலதுகைக்காரரை எதிர்கொள்ளும்போது தம் முன்காலை எதிராளியின் முன்காலுக்கு வெளிப்பக்கம் வைத்தால்தான் இடதுகைக் குத்துக்கு வழி திறக்கும் என்பதை, சிலம்பத்தில் காலடி வரிசை வைத்து ‘வீடு கட்டுவதுபோல்’ சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டுகிறார். தெரிந்த ஒன்றிலிருந்து தெரியாத ஒன்றுக்கு அழைத்துப்போகும் இந்த ஆசிரியத்தனத்துக்காகவே நான் இருமடங்கு கட்டணம் கேட்டாலும் கொடுப்பேன்.

2023 ஏப்ரல் 8ஆம் தேதிச் சண்டையைப் போட்ட மாலையை நான் மறக்கவில்லை. எதிரே பிலிப்பைன்ஸின் மார்லன் டபாலெஸ், அவரும் இடதுகைக்காரர். தொழில்முறையில் அதுவரை தோல்வியே காணாத எம்ஜே அன்று இரண்டு பட்டங்களையும் இழந்தார். மாஸ்டர் முடிவைச் சொல்லாமலே பன்னிரண்டு சுற்றையும் ஓடவிட்டார். தொடக்கத்தில் டபாலெஸின் வேகத்துக்கு எம்ஜே ஈடுகொடுக்கவில்லை என்று சிலர் எழுதினார்கள். பின்பாதியில் அவர் எழுந்துவந்ததை வைத்துச் சிலர் அவருக்கே கொடுத்தார்கள். பத்தொன்பது நோட்டுகளில் பதினோரு நோட்டு எம்ஜே பக்கம் இருந்தது. உண்மையில் ஒரு நடுவர் 118-110 என்று எம்ஜேக்குக் கொடுத்தார். மற்ற இருவரும் 115-113 என்று டபாலெஸுக்குக் கொடுத்தார்கள். அதே 115-113. மயாமியில் எந்தக் கணக்கு பட்டத்தைக் கொண்டுவந்ததோ, மூன்று ஆண்டு கழித்து அதே கணக்கு அதை எடுத்துக்கொண்டு போனது. இங்கும் அந்த இருவரில் ஒருவர் ஒரு சுற்றை மாற்றியிருந்தால் சமநிலை; பட்டங்கள் எம்ஜேயிடம் தங்கியிருக்கும். கொட்டகையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு சிறுவன், “அப்ப அவரை ஏமாத்திட்டாங்களா மாஸ்டர்?” என்று கேட்டான். மாஸ்டர் அவனுடைய நோட்டையே எடுத்துப் படித்தார். அதில் டபாலெஸுக்கு ஆறு சுற்று இருந்தது. “உங்க கையாலேயே ஆறு குடுத்திருக்கீங்க தம்பி. ஏழாவதை நடுவர் குடுத்தார்” என்று மட்டும் சொன்னார்.

மாவட்டப் போட்டிகளில் தோற்றுவிட்டு நடுவரைத் திட்டிக்கொண்டே திரும்பும் பிள்ளைகளையும், அவர்களைவிட உரக்கத் திட்டும் பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். கடந்த தை மாதம் என் மகள் ஒரு போட்டியில் மயிரிழையில் தோற்றாள். பேருந்தில் வரும்போது இரண்டாவது சுற்றில் தான் எங்கே கையைத் தாழ்த்தினாள் என்பதை எனக்கு விளக்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் அப்பாயி கேட்டதற்கும், ஒளிக்காமல் அதையே சொன்னாள்.

தோல்விக்குப் பிறகான பகுதியில் மாஸ்டர் அதிகமாகப் பேசியது காத்திருப்பைப் பற்றி. 2023 டிசம்பரில் கெவின் கொன்சாலஸை எட்டாவது சுற்றில் நிறுத்திய பிறகு, அடுத்த சண்டைக்கு எம்ஜே முழுதாக ஓர் ஆண்டு காத்திருந்தார்; 2024 டிசம்பரில் மாண்டி கார்லோவில் ரிக்கார்டோ எஸ்பினோசாவை மூன்றே சுற்றில் முடித்தார். இடைப்பட்ட காலத்தில் ஒருவர் உடலையும் எடையையும் எப்படிக் காப்பாற்றியிருப்பார் என்று கேட்டு, மழைக்கால விடுமுறையில் வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியைத் தாளில் எழுதிக் கொடுத்தார். 2025 செப்டம்பர் 14 அன்று நகோயாவில் ஜப்பானின் நவோயா இனோவேயிடம் எம்ஜே தோற்ற சண்டையை அடுத்த சனிக்கிழமை பார்த்தோம். இனோவே அகப்படவே இல்லை. முன்கைக் குத்தாலும் காலடியாலும் தூரத்தைத் தம் வசம் வைத்துக்கொண்டார். நடுவர்கள் 118-110, 118-110, 117-111 என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். என் மகளின் நோட்டிலும் 117-111 இருந்தது. தனக்குப் பிடித்தவருக்கு மூன்று சுற்றுக்கு மேல் கொடுக்க அவளுக்கு மனம் இருந்தும் கை வரவில்லை.

மற்ற உஸ்பெக் வீரர்களும் இடையிடையே வருவார்கள். தொழில்முறையில் ஆடிக்கொண்டே டோக்கியோ ஒலிம்பிக்கிலும் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற பகோதிர் ஜலோலோவ், டோக்கியோ காலிறுதியில் முகத்தில் தையலோடு களமிறங்கிய நம் சதீஷ் குமாரை 5-0 என்று வென்ற சண்டையை ஒரு நாள் காட்டினார். தையல் போட்ட முகத்தோடு ஏறியதைப் பாராட்டிவிட்டு, ‘என் பிள்ளைகள் யாரும் அப்படி ஏற நான் விடமாட்டேன்’ என்றும் சொன்னார். அந்தச் சொல்லுக்காக அவரை நம்புகிறேன்.

குறைகளை மறைக்க விரும்பவில்லை. ஐப்பசி மழையில் கூரை மூன்று இடத்தில் ஒழுகுகிறது; தரைவிரிப்பு நனைந்து வழுக்குகிறது; சென்ற ஆண்டு அதனால் ஒரு பையனுக்குக் கணுக்கால் பிசகியது. இரவல் கையுறைகள் ஈர நாட்களில் நாறுகின்றன. முடிந்தவரை விரைவில் சொந்தமாக ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். பெண் பிள்ளைகள் உடை மாற்றத் தனி அறை முதல் நான்கு மாதம் இல்லை. நாங்கள் மூன்று பெற்றோர் சேர்ந்து வற்புறுத்திய பிறகே தடுப்பு வைத்தார்கள், தாழ்ப்பாள் அதற்கும் பின்னரே வந்தது. தொடக்கத்தில் எதிரெதிர்ப் பயிற்சிக்கு எடையைப் பார்க்காமல் வயதை வைத்து ஜோடி சேர்த்த உதவியாளரின் தவறு மிகப் பெரியது. என் மகளைவிடப் பன்னிரண்டு கிலோ கூடுதலான பெண்ணோடு அவளை நிறுத்தியதை அன்றே எதிர்த்தேன். மாஸ்டர் வாதாடவில்லை, மறுநாளே தராசு வந்தது. இப்போது எடை எழுதாமல் யாரும் ஜோடி சேர்வதில்லை, தலைக்கவசம் கட்டாயம், முதல் ஆறு மாதம் தலைக்குக் குத்து இல்லை.

பிள்ளை மூன்று மாதத்தில் பதக்கம் வாங்கிவர வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. பொறுமையாகக் கற்கட்டும் என்பவர்கள் சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு வந்து, சேர்ப்பதற்கு முன் ஒரு சண்டையை உட்கார்ந்து பாருங்கள். அனுமதிக்கிறார்கள், நோட்டும் பேனாவும் தருகிறார்கள். நான் இந்த மாதக் கட்டணத்தைக் கட்டும்போது கூரையைப் பற்றி மறுபடியும் கேட்டேன். தகரம் வாங்கியாகிவிட்டது, நடவு முடிந்து ஆள் கிடைத்ததும் மாற்றிவிடலாம் என்றார். வாங்கிய தகரம் ஆலையின் பின்சுவரில் சாய்ந்திருப்பதைப் போய்ப் பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன்.